ஆமினாவா, அமீனாவா?

சகோதரி, குழந்தைக்கு உங்கள் மாமியார் விரும்பும் பெயரை ஆமினா என்று எழுதுவதா, அமீனா என்று எழுதுவதா எனக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பெயர்தானே, எப்படி எழுதினால் என்ன என்று உங்கள் கணவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, இரண்டும் வெவ்வேறு பெயர்கள். அரபு வேர்ச்சொல் மட்டுமே ஒன்று.

முதலெழுத்து நீண்டால் ஆமினா: அச்சமற்றவள், பாதுகாப்பாக இருப்பவள். நபிகளாரின் தாயார் பெயர் இதுதான். நடு எழுத்து நீண்டால் அமீனா: நம்பிக்கைக்குரியவள். நபிகளாருக்கு மக்கள் சூட்டிய ‘அல் அமீன்’ என்ற பட்டத்தின் பெண்பால் வடிவம் அது. உங்கள் மாமியார் மனத்தில் இருப்பது தாயார் பெயர் என்றால், ஆமினா என்றே எழுதுங்கள்.

பெயர் பழையதாகிவிட்டதோ என்ற கவலை வேண்டாம். துருக்கியில் எமினே, செனகலிலும் மாலியிலும் அமினாட்டா, போஸ்னியாவில் எமினா என்று இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் உருமாறி வாழ்கின்றன. ஐ.நா.வின் துணைப் பொதுச்செயலாளராக 2017இல் பொறுப்பேற்றவரும் ஓர் அமினாதான், நைஜீரியாக்காரர்.

ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே மாதிரி எழுதிவிடுவார்கள். ஆமினாதான் என்று முடிவானால், பிறப்புச் சான்றிதழில் ஆங்கில முதல் எழுத்தை இரட்டித்து, Aamina என்று எழுதச் சொல்லுங்கள். பின்னர் பாஸ்போர்ட்டிலும் அதே எழுத்துகள் இருக்கட்டும்.