இழந்த பிள்ளைப்பருவத்தை எல்லாக் கவிஞர்களும் ஒரே விதமாகத்தான் ஏங்கிப் பாடுகிறார்களா?

இல்லை. ஏக்கத்தின் காரணமே ஆளுக்கு ஆள் மாறுகிறது. இரண்டு தமிழ்ப் பாடல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் ஒரு முதியவர், மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும், குளத்தில் நீராடும் பெண்களோடு கைகோத்து ஆடியதையும், நீரருகே தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருளும்படி ‘துடுமெனப் பாய்ந்து’ ஆழத்திலிருந்து மணலை அள்ளி வந்ததையும் மூச்சுவிடாமல் அடுக்குகிறார். அந்த ஓட்டம் முடிந்த பிறகே, தடியூன்றி நடுங்கும் உடலும் இருமலுக்கு இடையே வரும் ‘சில சொல்’லும் நமக்குத் தெரியவருகின்றன. (பாடியவரின் பெயர் மறைந்து, அந்தத் தடியைக் குறிக்கும் ‘தொடித்தலை விழுத்தண்டு’ என்ற தொடரே அவருக்குப் பெயராகிவிட்டது.) இத்தனைக்கும் ‘இரக்கம்’ என்ற ஒரு சொல்லையும், அந்த இளமை இப்போது எங்கே உள்ளதோ என்று கேட்கும் ‘அளிதோ தானே யாண்டுண்டு கொல்லோ’ என்ற ஒரு வரியையும் தவிர அவர் புலம்பவே இல்லை, செயல்களின் வேகமே இழப்பின் அளவைச் சொல்லிவிடுகிறது.

பாரதியின் ‘சுயசரிதை’யிலும் மரமேறும் சிறுவர்கள் வருகிறார்கள். ஆனால், தந்தையின் கட்டளைக்கு அஞ்சி வீதி விளையாட்டு எதிலும் கூடாமல், நூல்களோடு தனித்திருந்து ‘தோழமை பிறிதின்றி வருந்தினேன்’ என்கிறார் அவர். முன்னவர் அனுபவித்ததை இழந்தவர். பாரதியோ, முப்பது வயதை எட்டுமுன்பே, கிடைக்காமலே போனதை நினைத்து வருந்துகிறார். என் கணிப்பில் இந்த இரண்டாவது ஏக்கமே கடுமையானது, ஏனெனில் அதற்கு நினைத்து மகிழ ஒரு குளம்கூட இல்லை.