தோழியின் அண்ணனிடம் நான் பேசலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் என் தோழி, பக்கவாதம் வந்த அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) அனுப்பிவிட்டு, போனில் குறை மட்டும் சொல்கிறார். நான் அவரிடம் பேசட்டுமா? – வாசகி, செந்தூல்

பதில்: வேண்டாம் தங்கச்சி. ‘வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்லிட்டா’ என்று பழி அவள் தலையில்தான் விழும். என் மாமியார் படுக்கையில் இருந்தபோது, தோழி ஒருத்தி சனிக்கிழமைதோறும் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் போய்த் தூங்குவேன். நாத்தனாரை நான் எவ்வளவு திட்டினாலும் அவளிடமிருந்து ‘ம்’ மட்டும்தான் வரும். அந்த ‘ம்’முக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

செந்தூலிலிருந்து வாராவாரம் முடியாது, சரி. கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் பட்டர்வொர்த். மாதம் ஒருமுறை போங்கள். அப்புறம், பேம்பர்ஸ், மருந்து, பிசியோ செலவையெல்லாம் ஒரு நோட்டில் எழுத உதவுங்கள். சில அண்ணன்களுக்குக் கண்ணீரைவிடக் கணக்கு சீக்கிரம் புரியும். பெற்றோரின் மருத்துவச் செலவுக்காக, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து 8,000 வெள்ளி வரை கழித்துக்கொள்ளலாம். கிளினிக் பில்லை அவரே கட்டி, ரசீதைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ளட்டும். அதையும் அவளே சொல்லட்டும், நீங்கள் அல்ல.