கொலையாளி யார் என்பதை விடுங்கள், நட்சத்திரம் போட்டது யார்?

இந்த வாரக் கடிதங்களில் நான்கு ஒரே நாவலைச் சுற்றி வந்திருக்கின்றன. அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கிளை அலுவலகம் ஒன்றுக்குள் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கூட வேலை பார்த்த அத்தனை பேர் மேலும் சந்தேகம். தமிழில் வந்திருக்கிறது, விலை 450 ரூபாய். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், அல்லது வசையாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, இந்த நாவலை வாங்கலாமா என்று இணையத்தில் பார்த்தால் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம், மீதிப் பேர் ஒரு நட்சத்திரம். 'கீழே வைக்க மனசு வரவில்லை' என்கிறார் ஒருவர், 'காசைக் கரியாக்காதீர்கள்' என்கிறார் இன்னொருவர். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவோ, 'சொந்த ஆபீஸ்ல நடந்த கொலைய அவனுவளே விசாரிப்பானுவளா பிள்ள? கத வுடுதான்' என்கிறார். யாரை நம்ப?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பெரியப்பாவிடமிருந்தே தொடங்குவோம். அமெரிக்காவில் சாதாரணக் கொலை என்றால் உள்ளூர் போலீஸ்தான் பார்க்கும். ஆனால் செத்தவர் பணியில் இருந்த மத்திய அரசு அதிகாரி என்றால் அது மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம், எஃப்.பி.ஐ. விசாரிக்கலாம். ஆகவே, 'கொலைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் என்ன சம்பந்தம், எழுதியவருக்கு அடிப்படையே தெரியவில்லை' என்று ஒரு நட்சத்திரம் போட்டிருப்பவர்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பெரியப்பா சொன்னதில் பாதி சரி. சந்தேகத்துக்கு ஆளானவர்களே விசாரணையையும் நடத்தினால் யார் நம்புவார்கள்? அதற்காகத்தான் அங்கே எஃப்.பி.ஐ. ஊழியர்கள் மீதான முறைகேட்டுப் புகார்களைப் பார்க்க, நீதி இலாகாவில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. நம்மூரிலும் ஸ்டேஷன் ஆட்கள் மேலேயே புகார் என்றால் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போவதைப் பார்க்கிறோம். இந்த நாவலிலும் வெளியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார், அதுவும் ஐம்பதாம் பக்கத்துக்குள்ளேயே. 'வெளியாள் விசாரிக்க வேண்டாமா' என்று கோபமாக எழுதியிருக்கிற அன்பர் எந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடினார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கதைக்குள் இருக்கும் ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கருத்துகளைப் படித்தால் படித்தவர், படிக்காதவர் தானாகப் பிரிந்துவிடுவார்கள். கடைக்காரர் இலவசமாகத் தரும் முதல் அத்தியாயம் அதற்குப் போதும்.

ஐந்து நட்சத்திரங்களின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலானவை வெளியான வாரத்திலேயே குவிந்திருந்தால், அவற்றில் பலவும் பதிப்பகத்தார் முன்கூட்டியே இலவசமாகக் கொடுத்த பிரதிக்கு வந்த நன்றியாக இருக்கலாம். அது தப்பில்லை, ஆனால் அவர்கள் 450 ரூபாய் கொடுத்தவர்கள் இல்லை. ஒரு நட்சத்திரங்களிலோ வேறு கூத்து: எழுத்து மங்கல், அட்டை பிய்ந்து வந்தது, பத்து நாள் கழித்து வந்தது. பஸ் லேட்டானதற்கு அகஸ்தியர் அருவியைத் திட்டுகிற கதைதான். நாவலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'எழுத்து மங்கல்' என்று பலர் சொன்னால் அதைச் சும்மா விடாதீர்கள். அந்த விற்பனையாளர் திருட்டுப் பிரதி விற்கிறார் என்பதற்கு அது நல்ல அடையாளம். ஒரே புத்தகத்தின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள், எல்லோருடைய வண்டவாளமும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், விற்பவர் யார் என்று முதலில் பாருங்கள்.

நான் முதலில் படிப்பது மூன்று நட்சத்திரக்காரர்களைத்தான். பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் சொல்கிற பொறுமை அவர்களுக்குத்தான் உண்டு. அவர்களிடமும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'கொலையாளி யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்' என்பது படிப்பவரின் சாமர்த்தியம், அதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். 'கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருத்தனைக் கொண்டுவந்து இவன்தான் என்றார்கள்' என்பது நிஜமான குறை. 1929-இலேயே ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதி எழுதிவைத்தார். அதில் முதல் விதியே, குற்றவாளி கதையின் முன்பகுதியிலேயே வந்திருக்க வேண்டும் என்பதுதான்.

என் கருத்தைக் கேட்டால்: நடுவில் ஒரு நூறு பக்கம் இழுவை, முடிவு நேர்மையானது. முழு விலைக்கு வேண்டாம். பாளையங்கோட்டையில் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்போது வழக்கமான 10 சதவீதக் கழிவில் வாங்கலாம். பொறுமை இருந்தால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பெரியப்பாவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள், அவர் திட்டுவதைக் கேட்பது தனிச் சுகம்.

கேள்வி: வாங்கலாம் என்று கருத்துகளைப் பார்த்தால், ஒருவர் முதல் வரியிலேயே கொலையாளியின் பெயரைப் போட்டுவிட்டார். புத்தகம் ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முடியாது. புத்தகத்தில் குறையில்லை, விற்றவர் மேலும் தப்பில்லை. அந்தக் கருத்தின் கீழே புகார் செய்யும் பொத்தான் இருக்கும், அழுத்திவிடுங்கள், அடுத்தவராவது தப்பிக்கட்டும். அப்புறம் ஆறு மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள், பெயர் மறந்திருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பிரதியில் 192-ஆம் பக்கத்துக்கு அப்புறம் 209 வருகிறது. விற்பனையாளரிடம் சொன்னால், 'திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது' என்கிறார். பத்து நாள் கழித்துத்தான் பிரித்துப் படித்தேன். என்ன செய்ய?
– வாசகர், வள்ளியூர்

பதில்: சரியாகப் பதினாறு பக்கம் காணோம், கவனித்தீர்களா? பைண்டிங் செய்யும்போது ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற பதினாறு பக்கக் கட்டு, விடுபட்டுப் போயிருக்கிறது. இது தயாரிப்புக் குறை. மனம் மாறித் திருப்பி அனுப்புபவருக்குத்தான் அந்தக் காலக்கெடு, குறையுள்ள பொருளை விற்றுவிட்டு அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

முதலில் பதிப்பகத்துக்கே அந்த இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். நல்ல பதிப்பகம் என்றால் பேசாமல் வேறு பிரதி அனுப்பிவிடும், பாதி விவகாரம் இங்கேயே முடியும். பிரதி தங்களுடையதே இல்லை என்று அவர்கள் சொன்னால், உங்கள் கையில் இருப்பது திருட்டுப் பதிப்பு என்று வையுங்கள், அப்போது புகார் இன்னும் பலமாகும்.

அடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஆனால் 450 ரூபாய்க்காக வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு வாய்தா வாய்தாவாக அலைவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 1915-லேயே விற்பனையாளரின் குரல் மாறிவிடும்.

கேள்வி: 'இந்த நாவலை வாங்கி ஐந்து நட்சத்திரம் போடுங்கள், புத்தகப் பணமும் மேலே நூறு ரூபாயும் தருகிறோம்' என்று போனில் செய்தி வந்தது. படிக்கிற பையன், கைச்செலவுக்கு ஆகும் என்று பார்க்கிறேன். தப்பா அண்ணாச்சி?
– கல்லூரி மாணவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தப்புதான் தம்பி. விற்பவரே வாங்கியவர் போல வேஷம் போட்டுக் கருத்து எழுதக் கூடாது என்று மேலே சொன்ன அதே மின்வணிக விதிகள் சொல்கின்றன. உங்களுக்குக் காசு கொடுத்து எழுத வைப்பதும் அந்த வேஷத்தின் இன்னொரு ரூபம்தான். இணையக் கருத்துகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது, காசுக்கு எழுதும் கருத்துகள் அதிலும் ஆகாது. கட்டாயமில்லாத தரம் என்பதால்தான் இந்தக் கூத்து இன்னும் நடக்கிறது.

அதைவிட உங்கள் பர்ஸை நினைத்துத்தான் எனக்குக் கவலை. முதல் தடவை நூறு ரூபாய் நிஜமாகவே வரும். அப்புறம் 'பெரிய வேலை' என்று ஆயிரம் கட்டச் சொல்வார்கள், அதை எடுக்க ஐயாயிரம் கேட்பார்கள். அந்தச் செய்திக்குப் பதில் போடாதீர்கள். ஏற்கனவே பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.