தெய்வங்கள் போட்ட திருவுளச்சீட்டு

அன்புள்ள ஐயா,

ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை ஆங்கிலம் வழியாக வாசித்து முடித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. முடித்த கையோடு ஒரு யூடியூப் காணொலி கண்ணில் பட்டது. ஹோமரிடம் இருப்பது அத்தனையும் பாபிலோனியச் சரக்கு, அவர்களுடைய காவிய நாயகன் கில்காமேஷுக்குத்தான் அக்கிலீஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறார் அதில் பேசுபவர். வரலாறு படித்த நண்பரிடம் கேட்டால், “மனுஷன் எங்கேயும் ஒரே மாதிரிதான் யோசிப்பான். நண்பன் செத்தால் அழுவான். இதில் யார் யாரிடம் கடன் வாங்க?” என்று சிரிக்கிறார். எது சரி? ஒரு நகலைப் படிக்கவா மூன்று மாதம் செலவழித்தேன் என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

அன்புடன்,
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

எரிச்சல் வேண்டாம். மூன்று மாதத்தில் இலியட்டை முடித்ததே பெரிய விஷயம். நான் முதல் முறை இரண்டாம் காண்டத்துக் கப்பல் பட்டியலில் சிக்கி, அப்படியே மூடிவைத்தவன்.

நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. காணொலிக்காரர் எதைக் காட்டியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: சிங்கத்தை. வேடனிடம் குட்டிகளைப் பறிகொடுத்த சிங்கம்போல அக்கிலீஸ் தன் நண்பன் பட்ரோக்ளஸின் உடலருகே முனகினான் என்கிறது 18ஆம் காண்டம். நண்பன் என்கிடு இறந்ததும் கில்காமேஷ், குட்டிகளை இழந்த பெண்சிங்கம்போல முன்னும் பின்னும் நடக்கிறான். நெருக்கமான ஒற்றுமைதான். ஆனால் இதை மட்டும் நம்பி நான் வழக்குப் போட மாட்டேன். கிரேக்கத்தின் வடக்கே அன்றைக்குச் சிங்கங்கள் இருந்தன. பாரசீக மன்னன் செர்க்சஸின் படை அந்த வழியாகப் போனபோது அவை இறங்கிவந்து, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒட்டகங்களை மட்டும் அடித்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். (அதுவரை ஒட்டகத்தையே பார்த்திராத சிங்கத்துக்கு ஏன் இந்த ருசி என்று அவருக்கே வியப்பு.) குட்டியை இழந்த விலங்கைப் பற்றிக் கேள்விப்பட்ட எந்தப் பாடகனுக்கும் இந்த உவமை தோன்றியிருக்கலாம்.

என்னை மடக்கிய இடம் வேறு. 15ஆம் காண்டத்தில், போர்க்களத்தை விட்டுப் போ என்று கடல் தெய்வம் பொசைடனுக்கு, தெய்வங்களின் அரசரான ஜீயஸ் ஆளனுப்புகிறார். பொசைடனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் மூன்று சகோதரர்கள், சீட்டுக் குலுக்கினோம், எனக்குக் கடல் விழுந்தது, ஹேடீஸுக்கு இருட்டு, ஜீயஸுக்கு வானம். பூமியும் ஒலிம்பஸும் பொது. அவர் தன் பங்கோடு நிற்கட்டும் என்கிறான்.

பாபிலோனியர்களின் அக்காடிய மொழியில் அத்ரஹாசிஸ் என்றொரு காவியம் உண்டு. பிரளயக் கதை சொல்வது. அதன் தொடக்கத்திலேயே தெய்வங்கள் திருவுளச்சீட்டுப் போட்டு உலகைப் பிரிக்கிறார்கள். அனுவுக்கு வானம், என்லிலுக்கு பூமி, என்கிக்கு நீர். (தெய்வங்களே சீட்டுப் போட்டால் அது யாருடைய திருவுளம் என்று கேட்காதீர்கள்.) நம் கைக்குக் கிடைத்திருக்கும் பிரதி ஒன்று கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இலியட்டைவிடக் குறைந்தது 800 ஆண்டுகள் மூத்தது.

இங்கே உங்கள் நண்பரின் வாதம் செல்லாது. துக்கம் எல்லோருக்கும் பொது. மூன்று ஆண் தெய்வங்கள் சீட்டுக் குலுக்கி உலகைப் பங்கு போடுவது அப்படிப் பொதுவில் கிடக்கும் எண்ணமல்ல. அதைவிட முக்கியம், கிரேக்கர்களின் மற்ற கதையோடு இது ஒட்டவில்லை. இன்னொரு பழங்கிரேக்கக் கவியான ஹெசியட் சொல்வதன்படி, முந்தைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களை வென்றபின் தெய்வங்களே ஜீயஸை அரசாளச் சொல்கிறார்கள். யாருக்கு எந்தப் பதவி என்பதை அவர்தான் வகுத்துக் கொடுக்கிறார். சீட்டுக்கு அங்கே வேலையே இல்லை. வேறு ஊர்ச் சட்டையின் பொத்தான்போல அந்தச் சீட்டு இலியட்டில் தனியாகத் தெரிகிறது.

அப்புறம், இதற்கு ஒரு காண்டம் முன்னால் ஜீயஸின் மனைவி ஹேரா, தெய்வங்களின் மூலமான ஓசியானஸையும் தாயான டெதிஸையும் பார்க்கப் போவதாகக் கதை விடுகிறாளே, நினைவிருக்கிறதா? பாபிலோனியப் படைப்புக் காவியத்தில் அப்சு என்னும் நன்னீரும் தியாமத் என்னும் கடல்நீரும் கலந்துதான் தெய்வங்கள் பிறக்கின்றன. டெதிஸ் என்பது தியாமத் என்ற பெயரின் கிரேக்க உருவமே என்று ஜெர்மானிய அறிஞர் வால்டர் பர்கெர்ட் வாதிட்டார். கருத்தளவில் அவர் சொல்வதை ஏற்கிறேன். பெயரை வைத்துச் செய்யும் நிரூபணம் என்றால் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை. பெயரொற்றுமையை வைத்து என்னவெல்லாம் நிறுவுவார்கள் என்று நாம் பார்க்காததா?

ஹெசியட் விஷயத்தில் இந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. துருக்கியின் பொகாஸ்கோயில், அதாவது ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹத்துஷாவில், 1906இல் தொடங்கிய அகழாய்வுகள் களிமண் பலகைகளைக் குவித்தன. அவற்றில் குமார்பியின் கதை இருந்தது. வானத்து அரசன் அனுவைக் குமார்பி துரத்திப் பிடித்து, ஆண்குறியைக் கடித்து விழுங்க, குமார்பியின் வயிற்றில் புயல் தெய்வம் தெஷூப் வளர்கிறான். ஹெசியட்டில் வானமான ஊரானஸின் குறியை மகன் குரோனஸ் அரிவாளால் அறுக்கிறான். தன் பிள்ளைகளையே விழுங்குகிறான். கடைசியில் இடிதெய்வம் ஜீயஸிடம் தோற்கிறான். வரிசைகூட மாறவில்லை.

எப்படிப் போய்ச் சேர்ந்தது? ஹோமர் களிமண் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார் என்று கற்பனை செய்ய வேண்டாம். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியின் 17ஆம் காண்டத்தில் பன்றி மேய்க்கும் யூமேயஸ் சொல்வதைப் பாருங்கள்: வெளியூர்க்காரனை யார் வலியப் போய் அழைத்து வருவார்கள்? குறி சொல்பவன், வைத்தியன், தச்சன், பாடகன், இவர்களைத்தான். பதில் அங்கேயே இருக்கிறது. கைத்தொழிலோடு கதையும் ஊர் விட்டு ஊர் போயிருக்கிறது. பட்ரோக்ளஸின் ஈமப் போட்டியில் பரிசாக வைக்கும் வெள்ளிக் கிண்ணம்கூட சீதோன் நகரத்தார் செய்து, இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசியர்கள் கடல் வழியாகக் கொண்டுவந்தது. எழுத்தும் அந்தப் பினீசியர்களிடமிருந்தே வந்தது. அல்பா, பீட்டா என்ற பெயர்களுக்குக் கிரேக்கத்தில் வேறு பொருள் கிடையாது. மூலமொழியில் அவை மாடும் வீடும்.

சரி, நகலா? நண்பன் செத்ததும் கில்காமேஷுக்குத் தன் சாவைப் பற்றிய பயம் பிடித்துக்கொள்கிறது. சாகாவரம் தேடி உலகத்தின் எல்லைவரை நடக்கிறான். டிராய் வீரன் ஹெக்டரைக் கொன்றால் அடுத்து உன் சாவுதான் என்று அக்கிலீஸிடம் தாய் சொல்கிறாள். அப்படியானால் இப்போதே செத்துப்போகிறேன் என்கிறான் அவன். பெயரை மாற்றினால் மட்டும் இது வந்துவிடாது.

மறுபடி அந்தச் சீட்டுக்கு வருகிறேன். அத்ரஹாசிஸில் அது உலகம் எப்படி அமைந்தது என்ற செய்தி. ஹோமரிடம் அது தம்பி கிளப்பும் பாகப்பிரிவினைச் சண்டை. தூது வந்த ஐரிஸ் பதற்றப்படவே இல்லை. இதே வார்த்தைகளை அப்படியே போய்ச் சொல்லட்டுமா, இல்லை கொஞ்சம் மாற்றிக்கொள்கிறாயா, பழிவாங்கும் தெய்வங்களான எரினிகள் எப்போதும் மூத்தவர் பக்கம்தான் நிற்பார்கள் தெரியுமல்லவா என்று கேட்கிறாள். நீ சொல்வது சரிதான் என்று பொசைடன் இறங்கி வருகிறான். ஆனாலும் மனசு ஆறவில்லை. டிராயை மட்டும் அவர் விட்டுவைத்தால் எங்கள் பகை தீரவே தீராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கடலுக்குள் போகிறான். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள், ஐம்பது வரிகூட இராது.