கூலிக்கு அழ ஆள் வைக்கலாமா?

கேள்வி: போன வாரம் மாமியார் தவறிவிட்டார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்). எங்கள் தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) ஒப்பாரி தெரிந்தவர் யாரும் இல்லை, அதனால் கொழுந்தனார் காசு கொடுத்து இரண்டு அம்மாக்களை அழைத்து வந்தார். "கூலிக்கு மாரடிக்கிற கூத்து எதுக்கு?" என்று ஓர் உறவினர் சாவு வீட்டிலேயே கேட்டுவிட்டார். செய்தது தப்பா?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தப்பே இல்லைம்மா. காசு வாங்கி அழுவது நேற்று முளைத்த பழக்கமா என்ன? விவிலியத்தில் எரேமியா 9ஆம் அதிகாரமே புலம்பற்காரிகளைக் கூப்பிடச் சொல்கிறது, பழைய ரோமாபுரியில் கூலிக்கு அழும் பெண்கள் இருந்தார்கள், ராஜஸ்தானில் ருடாலிகள், தைவானில் மகள் ஸ்தானத்தில் வெள்ளை உடுத்தித் தவழ்ந்து அழவே ஆள் உண்டு.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், காசு தேவைப்படவில்லை, அவ்வளவுதான். சாவு என்றால் மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு பொம்பளைகள் கூடி, ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி அடியெடுப்பாள், மற்றவர்கள் அடி முடியும் இடத்தில் இழுத்து அழுவார்கள், அதற்குள் செத்தவர் பட்ட கஷ்டம், கங்காணியிடம் வாங்கிய ஏச்சு, பிள்ளைகள் கவனிக்காதது எல்லாம் வந்துவிடும் (பக்கத்தில் இருக்கிற மருமகள் பாடு திண்டாட்டம்தான்!). இன்றைக்கு உன் வீட்டில் நான், நாளைக்கு என் வீட்டில் நீ. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஒரு பங்கு சனம் போனது, பிறகு தோட்டமே வீட்டு மனையானபோது மிச்சப்பேரும் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் அடியெடுக்க யார் இருக்கிறார்கள்?

உங்களிடம் நான் கேட்பது வேறு. வந்த அம்மாக்களிடம் மாமியார் எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளை பெற்றார், எதற்கு ஏங்கினார் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து சொன்னீர்களா? சொல்லாவிட்டால் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றைப் பாடிவிட்டுப் போவார்கள், உறவினர் சொன்ன கூத்து அதுதான். சொல்லியிருந்தால், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மகன்கூட உடைந்து அழுதிருப்பான். அவர்கள் வேலையே அதுதானே, நம்மை அழ வைப்பது.

கருமாதிக்கும் கூப்பிடுவதாக இருந்தால் மைக் வேண்டாம், பக்கத்து வீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் தூங்க வேண்டும். சொந்தத்தில் வயதான அத்தை யாராவது இருந்தால் முதலில் அவரை அடியெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு அடிதான் ஞாபகம் இருக்கிறது என்றாலும் சரி, மிச்சத்தை அந்த அம்மாக்கள் இழுத்துக்கொள்வார்கள்.