எண்ணூறு படங்களில் எதை அனுப்புவது?

கேள்வி: மகள் மேற்படிப்புப் படிக்கும் சான் செபாஸ்தியானில் (ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள கடற்கரை நகரம்) ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தேன். அந்த ஊர் மனத்தை விட்டு அகலவில்லை. எடுத்த எண்ணூறு படங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் நாற்பது, ஐம்பதாக அனுப்பினேன். முதலில் கட்டைவிரல் காட்டியவர்கள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. ‘தம்பட்டம் அடிக்கிறாள்’ என்று நாத்தனார் சொன்னதாகக் காதில் விழுந்தது. அனுப்புவதை நிறுத்திவிடவா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாரின் பேச்சில் பொறாமை கலந்திருக்கிறதா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் நாற்பது படங்கள் வந்து விழுந்தால், நீங்கள் அங்கே போயிருந்தீர்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் பார்ப்பவருக்குத் தெரியாது. அதைத் தம்பட்டமாக எடுத்துக்கொள்பவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது.

அந்த எண்ணூறில் பாதியாவது லா கோன்ச்சா விரிகுடாவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பிறைபோல் வளைந்த மணற்கரை, நடுவில் சாந்தா கிளாரா தீவு, இரு முனையிலும் இகெல்டோ, உர்குல் குன்றுகள் என அமைந்த அந்த இடம் எங்கே நின்று எடுத்தாலும் அழகாக விழும். அதனாலேயே எல்லாப் படங்களும் ஒன்றுபோலத் தோன்றும். நம் பழனி விஞ்ச் போல இகெல்டோவில் 1912 முதல் ஓடும் இழுவை ரயிலில் ஏறி, உச்சியிலிருந்து எடுத்த படம் இருந்தால் அதை முதலில் அனுப்பி, எது எங்கே இருக்கிறது என்று இரண்டு வரிகளில் சொல்லிவிடுங்கள். அடுத்து, ஒரே இடத்தைக் கடல் உள்வாங்கியபோதும் ஏறியபோதும் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்து அனுப்பலாம். நீர் வடிந்த நேரத்தில் லா கோன்ச்சாவிலிருந்து அடுத்த கடற்கரையான ஒந்தர்ரேத்தாவுக்கு மணலிலேயே நடந்துவிடலாம், நீர் ஏறினால் இடையிலுள்ள பாறை வழியை அடைத்துவிடும் என்று எழுதினால், அதுவரை பேசாதவர்களும் ஏதாவது கேட்பார்கள்.

விளக்கம் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லாத படங்களும் உண்டு. எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும். பழைய நகரின் அரசியல் சாசனச் சதுக்கத்தில் ஒவ்வொரு பால்கனிக்கு மேலும் ஓர் எண் எழுதியிருப்பதை எடுத்திருப்பீர்கள். முன்பு அந்தச் சதுக்கத்தில் காளைச் சண்டை நடந்தது. பால்கனிகள் பார்வையாளர் இருக்கைகளாக வாடகைக்குப் போயின. அந்த எண்கள் இருக்கை எண்கள். பக்கத்திலேயே ‘ஆகஸ்ட் 31’ என்ற பெயரில் ஒரு தெரு இருக்கிறது. 1813இல் அந்த நாளில் பிரெஞ்சுப் படையிடமிருந்து நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேய, போர்ச்சுக்கீசியப் படைகள், ஸ்பெயினின் நேச நாட்டுப் படைகளாக இருந்தும், ஊரைக் கொள்ளையடித்தன. ஊர் எரிந்து போனது. இந்தத் தெருவின் வீடுகள் சில மட்டுமே தப்பின. படத்தில் அது சாதாரணச் சந்துதான், ஆனாலும் அனுப்புங்கள்.

ஒந்தர்ரேத்தாவின் கோடியில், பாறைகளில் எதுவார்தோ சில்லிடா பதித்த ‘காற்றின் சீப்பு’ என்ற மூன்று எஃகுச் சிற்பங்களுக்கு நிழற்படம் போதாது. அலை அடிக்கும்போது தரையிலுள்ள துளைகள் வழியாகக் காற்றும் நீரும் சீறிக்கொண்டு மேலே வரும். பத்து விநாடிக் காணொளி ஒன்று இருந்தால் அதை அனுப்புங்கள்.

பார்களில் எடுத்தவற்றில் கவனம் தேவை. தட்டுகளைத் தாராளமாகக் காட்டலாம். கவுண்டரில் நிற்கும் அந்நியர்களின் முகங்களையும், கடற்கரையில் விளையாடும் குழந்தைகளையும் தவிர்த்துவிடுங்கள். மகள் குடியிருக்கும் வீட்டின் வாசலும் குழுவுக்கு வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு முறை, நான்கைந்து படங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிகள் என்றால் குழு தாங்கும். மீதி எல்லாவற்றையும் கூகுள் போட்டோஸில் ஓர் ஆல்பமாக வைத்து, கேட்பவர்களுக்கு மட்டும் இணைப்பைக் கொடுங்கள்.

நாத்தனாருக்குக் குழுவில் விளக்கம் எழுதாமல், தனியாக ஒரே ஒரு படம் அனுப்பிப் பாருங்கள். சமையலில் ஈடுபாடு உள்ளவர் என்றால், ஆலிவ் காய், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்திலி மூன்றையும் குச்சியில் கோத்துத் தரும் ‘ஹில்டா’ படம் நல்ல தொடக்கம். சைவம் என்றால் பால்கனி எண்களை அனுப்பி, அவை எதற்கு என்று அவரையே ஊகிக்கச் சொல்லுங்கள்.