கடைப்பேச்சும் கேமராவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

இளம்பிள்ளையில் நானும் என் கணவரும் பல ஆண்டுகளாகச் சேலைக்கடை நடத்துகிறோம். சொந்தத் தறியில் ஓட்டும் சாஃப்ட் சில்க் சேலைகளோடு, பக்கத்துத் தறிகளிலிருந்தும் வாங்கி விற்கிறோம். முன்பு வெளியூர் வியாபாரிகள் நேரில் வந்து எடுத்துப் போவார்கள். இப்போது வியாபாரத்தில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பிலும் வீடியோவிலும்தான் நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் படம் பிடிக்கிறாள். பேச வேண்டியது நான். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு மணி நேரம் ஆனாலும் சளைக்காமல் பேசும் எனக்குக் கேமராவைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மகள் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து பேசினேன். அதைப் பார்த்த நாத்தனார், “நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குதுங்க அண்ணி” என்று சிரித்துவிட்டார். என் குரலும் எனக்கே பிடிக்கவில்லை. இதற்கென்று கட்டண வகுப்புகள் இருப்பதாக விளம்பரங்கள் வருகின்றன. சேரலாமா? வீடியோவில் விலையைச் சொல்லலாமா, கூடாதா என்பதிலும் வீட்டில் ஒத்த கருத்து இல்லை.

ஒரு வாசகி, இளம்பிள்ளை

அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்பில் சேர்வதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கடையில் ஒரு மணி நேரம் பேச முடிகிறவருக்குப் பேசக் கற்றுத்தர எவரும் தேவையில்லை. அந்தப் பேச்சு எந்தச் சூழலில் தானாக வருகிறதோ, அதே சூழலைக் கேமராவுக்கு முன்னால் அமைத்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

கடையில் நீங்கள் பேசுவதாகத் தோன்றினாலும், உண்மையில் பெரும்பாலும் பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். வந்தவர் முந்தானையைத் தொட்டுப் பார்க்கிறார், சாயம் போகுமா என்கிறார், ப்ளவுஸ் துணி சேர்ந்ததா என்கிறார், பக்கத்தில் நிற்கும் தங்கையின் முகத்தைப் பார்க்கிறார். இவை ஒவ்வொன்றும் உங்கள் அடுத்த வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வருகின்றன. கேமரா எதையும் கேட்பதில்லை. கேள்வியே இல்லாத இடத்தில் பதிலை மட்டும் சொல்லச் சொன்னால் எவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆகவே உரை எழுதித் தருவதை நிறுத்தச் சொல்லி, மகளிடம் வேறு வேலை கொடுங்கள். கடந்த வாரம் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் உண்மையாகவே கேட்ட கேள்விகளை அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். கேள்விகளின் வரிசையை உங்களிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பிறகு வெட்டி ஒட்டும்போது அவர் குரலை நீக்கிவிடலாம். நானாக இருந்தால் நீக்கமாட்டேன், அந்தக் குரல் இருந்தால்தான் பார்ப்பவருக்குத் தன் கேள்வியை யாரோ கேட்டுவிட்டது போலிருக்கும்.

மனப்பாடம் ஏன் செய்தி வாசிப்பு போல ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது வினைமுற்றை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளி, அதற்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்குகிறோம். “திருமண விழாக்களுக்கும் பண்டிகை நாட்களுக்கும் ஏற்ற வகையில் நேர்த்தியாக நெய்யப்பட்டுள்ள இந்தச் சேலை உங்கள் தோற்றத்தை மேலும் அழகாக்கும்” என்பது போல. இதை ஒப்பிக்கிறவர் நடுவில் ஒரு சொல்லை மறந்தாலும் மொத்தமும் சரிந்துவிடும், அந்த அச்சம் முகத்தில் தெரியும். வாயால் பேசும்போது நாம் அப்படி அடுக்குவதில்லை. “நல்லா நிக்கும்ங்க இது, கல்யாணத்துக்கு. கனமே இருக்காது” என்று முதலில் முடித்துவிட்டு, விட்டுப்போனதைப் பின்னால் ஒட்டிக்கொள்கிறோம். உங்கள் தாளில் முழு வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. துணியின் வகை, ஜரிகையின் தன்மை, நீளம், துவைக்கும் முறை என்று நான்கைந்து சொற்கள் போதும். பேச வேண்டிய வரிகளைத் திரையில் ஓடவிடும் செயலிகளையும் பரிந்துரைப்பார்கள். வசனம் நினைவில் நிற்காத நடிகர்களுக்காக 1950-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்த டெலிபிராம்ப்டரின் கைப்பேசி வடிவம் அது. தேர்ந்தவர்களுக்கு உதவும். மற்றவர்கள் கையில் பிடித்த போனில் வைத்துப் படித்தால், கருவிழி இடமிருந்து வலமாக ஊர்வது அப்படியே தெரிந்துவிடும்.

இனி, யாரிடம் பேசுகிறோம் என்பது. சேலத்தில் ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தை டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கியபோது தமிழில் பேசும்படம் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் காலத்துப் படங்களில் நடித்தவர்களில் மிகப் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் எட்டும்படி பழக்கிய குரலை, மைக் பக்கத்திலேயே இருந்தபோதும் அவர்களால் எளிதில் தணித்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் ஊரில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்கள் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே குரலை அமைத்துக்கொண்டவர்கள். கேமராவைக் கண்டதும் பெருங்கூட்டம் ஒன்றை மனத்தில் வரவழைத்துக்கொண்டு நீங்கள் அந்தக் குரலுக்குப் போய்விடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வீடியோவை ஆயிரம் பேர் பார்க்கலாம், ஆனால் ஒருவரும் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. சமையலை முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ஒரு பெண், முகத்துக்கு ஓரடித் தொலைவில் போனைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். பாயில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் அளவுக்குக் குரல் இருந்தால் போதும். “வணக்கம் நண்பர்களே” கூட வேண்டாம், ஒருவரைப் பார்த்து யாரும் அப்படி அழைப்பதில்லை.

போனை எங்கே வைப்பது என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் பாதித் தயக்கம் அங்கேதான் இருக்கிறது. முன்பக்கக் கேமராவில் எடுத்தால் உங்கள் கண் திரையில் தெரியும் உங்கள் முகத்துக்கே போகும். லென்ஸ் திரையின் மேல் விளிம்பில் இருப்பதால், பார்ப்பவருக்கு நீங்கள் தலை குனிந்து பேசுவது போலிருக்கும். அதோடு, பேசும்போதே தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் பேச்சில் கவனம் வைக்க முடியாது. பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். ஸ்டாண்டில் உங்கள் கண் உயரத்துக்குப் பொருத்தி, ஐந்தாறு அடி தள்ளி வைத்து, மகளை அதற்கு நேர் பின்னால் லென்ஸை ஒட்டினாற்போல் முகம் தெரிய உட்காரச் சொல்லுங்கள். அத்தனை தொலைவில் அவர் கண்ணைப் பார்ப்பதற்கும் லென்ஸைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு படத்தில் ஏறக்குறைய தெரியாது. கையில் சேலை இருக்கட்டும். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் தயக்கம் குறையும்.

போன் தள்ளிப்போனால் ஒலி கெடும். தொலைவு இருமடங்கானால் மைக்கை எட்டும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். வகுப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை உடையில் குத்தும் காலர் மைக்குக்குச் செலவிடுங்கள். தாடைக்கு ஒரு சாண் கீழே, சங்கிலி உரசாத இடத்தில் குத்த வேண்டும். நாலு பக்கமும் சேலை அடுக்கிய அறை உங்களிடம் இருப்பது பெரிய வசதி. துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்வதால், மற்றவர்கள் செலவு செய்து உண்டாக்கும் அமைதியில் பாதி உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். மேல்விசிறியை மெதுவாக ஓடவிடலாம், காற்று நேராக மைக்கில் அடிக்கும் டேபிள் ஃபேன்தான் கூடாது. தறி ஓடத் தொடங்கும் முன் காலையில் எடுத்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

குரல் பிடிக்கவில்லை என்கிறீர்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டை எலும்பின் வழியாகவும் நம் காதை எட்டுகிறது, அந்த வழியில் கீழ்க்கட்டை ஒலிகள் வலுவாக வரும். பதிவில் அந்தப் பகுதி இல்லாததால் குரல் மெலிந்து அந்நியமாகக் கேட்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருவது அந்தக் குரலைத்தான், அதைக் கேட்டுத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

வெட்டி ஒட்டும்போது நீண்ட தடுமாற்றங்களை மட்டும் எடுத்தால் போதும். மூச்சுவிடும் இடைவெளியைக்கூட விடாமல் நறுக்குவது இன்றைய வழக்கமாக இருக்கிறது. எனக்கு அது பார்க்கவே களைப்பாக இருக்கிறது, நெருப்பு பிடித்தாற்போல் பேசுகிறவரிடம் யார் நிதானமாகச் சேலை வாங்குவார்கள்? “வந்து”, “அதாவது” என்று இரண்டொன்று நின்றால் நிற்கட்டும். வண்ணத்தை மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள். பெரிய சிவப்புச் சேலையைக் கேமரா முன் விரித்தால் போன் தானாகவே நிறத்தைச் சரிசெய்ய முயன்று வேறொன்றாகக் காட்டக்கூடும். “வீடியோல கொஞ்சம் பளிச்சுன்னு தெரியுது, நேர்ல செங்கல் கலருங்க” என்ற ஒரு வரி, திருப்பி அனுப்பப்படும் பார்சல்களைக் குறைக்கும்.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். மொத்த விலை வேறு, சில்லறை விலை வேறு என்பதால் உங்கள் கணவர் தயங்கலாம். அப்படியானால் சில்லறை விலையை வீடியோவில் சொல்லிவிட்டு, மொத்தமாக எடுப்பவர்களை மட்டும் தொலைபேசியில் அழைக்கச் சொல்லலாம். அஞ்சல் செலவு அதில் அடக்கமா, தனியா என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் முழுவதும் மகள் அந்த ஒரு கேள்விக்கே பதில் அனுப்பிக்கொண்டிருப்பார்.

அன்புடன்